நாவலின் முடிவை மாற்றிச் சொன்னேன், கோமதி

ஆரியசாலைப் பெருங்காயச் சாம்ராஜ்யத்தின் ஏகச் சக்கரவர்த்தியும், மூக்கு உள்ள எந்த ஜீவனாலும் அரை மைல் தூரத்திலேயே அடையாளம் காணப்படுகிறவனும், உன் அம்மாவின் தீர்ப்புப்படி வலியசாலையின் முதல் நம்பர் புளுகனுமாகிய உன் அப்பா, கடையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். வீட்டில் எழுத இடமில்லை. திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்து இறங்கியிருக்கிற சொந்தக்காரர்களை எண்ணினால் இந்தியாவின் ஜனத்தொகையில் பாதி நம் கூடத்தில்தான் படுத்துக் கிடக்கிறது. உன்னோடு தனியாக ஒரு வார்த்தை பேச முயன்றேன். ஒரு பக்கம் மருதாணிக்காரி, ஒரு பக்கம் தையல்காரன், நடுவில் உன் சித்தி. மனுஷன் மகளிடம் ரகசியம் பேசுவது எப்படி?

நாளைக்கு மறுநாள் உனக்குக் கல்யாணம். அது முடிந்த மறுநாள் கரமனைக்குப் புறப்பட்டுவிடுவாய். அந்த வீட்டுப் படியேறுவதற்கு முன் உனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் போனால் உன் மாமியார் தனியாக மாட்டிக்கொள்வாள். அவளை மாட்டிவிட்டவன் நான். எப்படி என்று சொல்கிறேன். இந்தக் கடிதத்தில் புளுகு வருகிற இடங்கள் உனக்கே தெரியும், அவற்றைக் கழித்துக்கொள். மிச்சம் இருப்பது நிஜம்.

மூன்று வருஷமாக நீ ஓர் இங்கிலீஷ் நாவலைக் கட்டிக்கொண்டு ஆராய்ச்சி பண்ணினாய். செங்கல் கணக்கில் ஒரு புத்தகம். அதில் ஒரு பெண். பார்க்கிறவர்கள் எல்லோரும் அவள் யார் என்று அவளுக்கே சொல்கிறார்கள். அத்தை ஒன்று சொல்கிறாள், பள்ளிக்கூட வாத்தியார் ஒன்று சொல்கிறார், கல்யாணம் பண்ணிக்கொள்ள வருகிறவன் இன்னொன்று சொல்கிறான். அவள் எதற்கும் தலையாட்டாமல், தான் யார் என்று தானே தேடுகிறாள். சாயங்காலங்களில் நான் கட்டிப் பெருங்காயத்தை உளியால் தட்டி உடைத்துக்கொண்டிருப்பேன். நீ எதிரே மூட்டைமேல் உட்கார்ந்து, அன்றைக்கு எழுதினதைத் தமிழில் சொல்லுவாய். "கண்ணாடியைப் பாத்தா அவ யாருன்னு தெரிஞ்சுடுமே, இதுக்கு எதுக்கு நானூறு பக்கம்?" என்று நான் கேட்பேன். "நீ சும்மா இரு அப்பா" என்பாய். ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் பெண் நம் தெருவில் நாலாவது வீட்டுப் பெண் மாதிரி ஆகிவிட்டாள். இட்லி சாப்பிடும்போதே "அவ என்ன ஆனா?" என்று கேட்க ஆரம்பித்தேன்.

ஒரு நாள் நீ சொன்னாய்: "அவ தன் மனசுல இருக்கறதைச் சொல்லிட்டா அப்பா. கொட்டற மழையில வீட்டை விட்டு அனுப்பிட்டா." சமையலறையிலிருந்து உன் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "எந்தப் பொண்ணு? சாலைக் கடைத்தெருவிலா? ஐயோ, ஏன்னா, அந்தக் குழந்தையை நம்மாத்துக்குக் கூட்டிண்டு வாங்கோ, ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டும்!" கதை என்று சொன்ன பிறகும் அவள் முகம் தெளியவில்லை. "கதைன்னாலும் மழையில அனுப்பலாமோ?" என்றாள். அந்தக் கதையின் முடிவு உனக்குத் தெரியும், எனக்கும் சொல்லியிருக்கிறாய். அந்தப் பெண் ஏதோ ஓர் ஊரில், வாடகை அறை ஒன்றில், தன் விளக்கைத் தானே ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தான் யார் என்று கண்டுகொண்டாள். பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படி.

உனக்குத் தேடல் எதுவும் தேவைப்படாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆறு வயதில் கோயில் ஆராட்டுக் கூட்டத்தில் நீ காணாமல் போனாய். திருவனந்தபுரத்துப் போலீஸ், பட்டாளம், மகாராஜாவின் யானை எல்லாம் உன்னைத் தேடின என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். நிஜத்தில் ஒரே ஒரு போலீஸ்காரர்தான். உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "மோளே, அச்சன்டெ பேரெந்தா?" என்று அப்பா பேரைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தார். நீ "ஞான் கோமதி" என்பதைத் தவிர வேறு வார்த்தை சொல்லவில்லை. வீடு எங்கே? ஞான் கோமதி. அம்மா யாரு? ஞான் கோமதி. "ஈ குட்டிக்கு வேற ஒண்ணும் அறியில்ல சாரே" என்று என் கையில் கொடுத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குச் சிரித்தேன். நிச்சயதார்த்தத்தன்று சிரிக்க முடியவில்லை.

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் பாதி நேரம் நீ உள்ளறையில் இருந்தாய், முகங்களைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். சாஸ்திரிகள் லக்னப் பத்திரிகையைக் கையில் எடுத்து, தொண்டையைச் செருமி, "சௌபாக்கியவதி கோமதியை" என்று ஆரம்பித்ததும் உன் மாமனார் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம் சாஸ்திரிகளே. பேரை ஜானகின்னு வாசிங்கோ."

"ஜானகியா? இங்கே கோமதின்னா எழுதியிருக்கு?"

"அது இவா ஆத்துல. எங்காத்துல கோமதிங்கறது என் பார்யாள். ரெண்டு கோமதி சரிப்படாது, கேட்டேளா? மாமியார் பேரே மருமகளுக்கும்னா பேரை மாத்தறது எங்காத்து வழக்கமாக்கும். ஜானகி. நல்ல பேர். சீதை பேர்."

கூடத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் பாதி ஆட்டினேன். வழக்கம் புதிதில்லை, நம் தெருவிலேயே பேர் மாறி வந்தவர்கள் இருக்கிறார்கள். மீதித் தலையாட்டலுக்குள் உள்ளேயிருந்து உன் குரல் வந்தது. உரத்த குரல் இல்லை. "என் பேர் கோமதி."

உன் மாமனார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: "யோசிச்சுப் பாரு குழந்தை. நாளைக்கு என் பிள்ளைக்குக் கோபம் வரது. உன்னை எப்படி வைவான்? பெத்த அம்மா பேரைச் சொல்லியா?"

மாப்பிள்ளை சுந்தரம் வாயைத் திறந்தான். பாவம், நல்ல எண்ணத்தோடுதான் திறந்தான். "நான் வையவே மாட்டேன் அப்பா. மெதுவா விளிச்சுக்கறேன்."

"மெதுவா விளிச்சாலும் அது உன் அம்மா பேர்தாண்டா!"

அவன் தலை தொங்கிவிட்டது. பாங்கில் நூறு பேருக்கு உத்தரவு போடுகிறவன். நீ கதவோரம் வந்து நின்று சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "பிடிவாதம் இல்லை மாமா. வேற பேர்ல விளிச்சா நான் திரும்பிப் பாக்க மாட்டேன். வேணும்னு இல்லை. என்னைத்தான் விளிக்கறேள்னு எனக்குத் தெரியாது."

அவர் எழுந்தார். தட்டு மாற்றவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். அந்தச் சமயத்தில் எல்லோரும் உன்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் தற்செயலாக உன் மாமியாரைப் பார்த்தேன். அவள் உன்னை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ கேட்க வந்து கேட்காமல் விட்ட மாதிரி. பெண் பார்க்க வந்த அன்றும் அப்படித்தான். நீ உன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னபோது உன் மாமனார் கொட்டாவி விட்டார். பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் கதை கேட்டவள் அவள் ஒருத்திதான்.

அவர்கள் போனபிறகு உன்னிடம் கேட்டேன். "அந்தப் பையனைப் பிடிச்சிருக்கோ?"

"பிடிச்சிருக்கு."

"அப்போ பேரை விட்டுடறயா?"

"இல்லை. ரெண்டும் வேணும்."

ரெண்டும் வேண்டும் என்று கேட்க இந்த அக்ரகாரத்தில் ஒரு பெண்ணுக்குத் தைரியம் வந்ததைப் பார்த்து ஆகாயமே இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும். பிளக்கவில்லை. உன் அம்மா மட்டும் அழுதாள். அடுத்த வாரம் முழுக்க நம் வீட்டில் எல்லோரும் மெதுவாக நடந்தோம். தபால்காரன் தெருமுனையில் மணியடித்தால் நான் வாசலுக்கு ஓடினேன். நீ மேஜையைவிட்டு நகராமல் எழுதிக்கொண்டிருந்தாய். எழுதவில்லை, ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய், எனக்குத் தெரியும். அந்தச் சம்பந்தம் முறிந்தால் உனக்கு என்ன ஆகும் என்று நினைக்கக்கூட நான் பயந்தேன். ஜானகி என்று ஒத்துக்கொண்டு நீ போனால் என்ன ஆகும் என்று நினைக்க அதைவிடப் பயந்தேன்.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாதது. ஒரு வெயில் நேரத்தில், ஆரியசாலை முழுக்க லாரிகள் சரக்கு இறக்கிக்கொண்டிருக்கிற வேளையில், உன் மாமியார் என் கடை வாசலில் வந்து நின்றாள். தனியாக, கரமனையிலிருந்து நடந்து. சுமட்டுக்காரர்கள் மூட்டையோடு நின்று பார்த்தார்கள். அக்ரகாரத்து மாமி ஒருத்தி அந்தச் சந்துக்குள் வந்து அவர்கள் பார்த்ததில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

"கொஞ்சம் பெருங்காயம் வேணும் அண்ணா" என்றாள்.

கட்டிக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கோமதி என் பேர் இல்லை."

எனக்குப் புரியவில்லை.

"எனக்குப் பொறந்தப்போ வெச்ச பேர் உலகம்மை. பதினாலு வயசுல இந்தாத்துக்கு வந்தேன். என் மாமியாருக்கும் அதே பேர். அதனால என்னைக் கோமதின்னு மாத்தினா. ஆருகிட்டயும் கேக்கலை. என்கிட்டயும் கேக்கலை. மறுநாள் கார்த்தால 'கோமதி, கோமதி'ன்னு ஆரோ விளிச்சுண்டே இருக்கா. நான் பேசாம அரிசி களைஞ்சிண்டிருக்கேன். வந்து தலையில குட்டினா. செவிடான்னு கேட்டா." சிரித்தாள். "அப்பறம் பழகிப்போச்சு. மாமியாரும் போயிட்டா. ஆனா பேர் திரும்பி வரலை. எங்காத்து மாமாவுக்கே அது ஓர்மை இல்லை. இப்போ அந்தப் பேர்ல விளிச்சா நான் திரும்பிப் பாப்பேனோ என்னமோ, தெரியலை அண்ணா."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் அது ஓயும்வரை காத்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "உங்க பொண்ணு ஒரு கதை சொன்னாளே. அந்தப் பொண்ணு தன் மனசுல இருக்கறதை எல்லார் முன்னாடியும் சொன்னாளா?"

"சொன்னா" என்றேன்.

"சொன்னப்பறம் அவளை வீட்டை விட்டு அனுப்பிட்டாளா?"

கோமதி, உன் அப்பா ஆயுசில் லட்சம் புளுகு புளுகியிருக்கிறேன். எல்லாம் சிரிப்புக்கு. இந்த ஒன்று சிரிப்புக்கு இல்லை. அவள் கேட்டது கதையைப் பற்றி இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. முடிவு என்ன என்றும் தெரியும். மழை, வாடகை அறை, ஒற்றை விளக்கு. அதைச் சொன்னால் அவள் பெருங்காயப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விடுவாள், அப்புறம் நீ ஜானகி ஆக வேண்டும், இல்லாவிட்டால் இந்தச் சம்பந்தம் இல்லை. என் மகளுக்காகச் சொன்னேனா, அவளுக்காகச் சொன்னேனா என்று அப்புறம் பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன். எனக்காகத்தான் சொன்னேன்.

"அனுப்பலை" என்றேன். "யாரும் அனுப்பலை. அவ சொன்னதும் வீடே ஸ்தம்பிச்சுப் போச்சு. அத்தைக்காரி அழுதா. அப்பறம் எல்லாருமா அவளைக் கூப்பிட்டு, நடுவில உக்கார வெச்சு, இலை போட்டுச் சாதம் பரிமாறினா."

"இங்கிலீஷ்காரா இலை போடுவாளா?" என்றாள்.

"இந்த நாவல்ல போட்டா" என்றேன்.

அவள் மடியில் இருந்த பொட்டலத்தை இறுக்கி முடிந்துகொண்டாள். பிறகு, "நல்ல கதை" என்று எழுந்தாள். காசு கொடுக்க வந்தாள், நான் வாங்கவில்லை. வெயிலில் கிள்ளிப்பாலம் பக்கமாக அவள் நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டு நிஜத்தைச் சொல்லிவிடலாம் என்று ஒரு எட்டு எடுத்தும் வைத்தேன். கடையில் ஆள் இல்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இரண்டு நாளில் உன் மாமனார் கடைக்கு வந்தார். உட்காரவில்லை. "கோமதின்னே பத்திரிகை அடிச்சுடுங்கோ" என்றார். உங்களுக்கெல்லாம் நான் சொன்ன சந்தோஷச் செய்தி இவ்வளவுதான். அன்று உன் அம்மா பாயசம் வைத்தாள். அவர் அதற்குமேல் சொன்னதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

"என் ஆத்துக்காரிக்கு இத்தனை வருஷம் கழிச்சுத் தன் பேர் ஓர்மை வந்திருக்கு" என்றார். "உலகம்மையாம். பிள்ளை முன்னாடியே சொல்றா. கோமதிங்கற பேரை வரவளுக்கே விட்டுட்டாளாம். பத்திரிகையில அந்தப் பேர் இல்லேன்னா கல்யாணத்துல ஆரத்தி எடுக்க மாட்டாளாம். மாப்பிள்ளைக்கு அம்மா இல்லாம கல்யாணம் நடத்தினா ஊர் என்ன பறயும்? அதனால சம்மதிச்சேன். மதி, போறும், இத்தோட மதி."

"சாரமில்லை, பரவாயில்லை சம்பந்தி, எல்லாம் சரியாப் போகும்" என்றேன்.

"போகும் போகும். கல்யாணம் கழியட்டும். அவ அண்ணா கல்லாறுல காப்பி ஹோட்டல் வெச்சிருக்கான். கொண்டு விட்டுடறேன். ஒரு வருஷம் அங்கே ஆத்துத் தண்ணியைப் பாத்துண்டு இருக்கட்டும். உலகம்மைன்னு அவன் வேணா விளிக்கட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் சொன்னால் செய்கிறவர் என்று கரமனையில் எல்லோரும் சொல்வார்கள். ஆக, நான் புளுகின முடிவை நம்பி அவள் வாயைத் திறந்தாள். இப்போது நிஜ முடிவு அவளுக்கு வரப்போகிறது. அவள் கொடுத்த பேரோடு நீ அந்த வீட்டுக்குள் போகிறாய், அவள் வெளியே போகிறாள்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று இத்தனை நாளாக யோசிக்கிறேன். மாமனாரோடு வாதாடாதே. இங்கிலீஷில் எவ்வளவு படித்திருந்தாலும் அவரை ஜெயிக்க உன்னால் முடியாது. சுந்தரம் நல்ல பையன், ஆனால் அப்பா எதிரே அவனுக்குக் குரல் மேலே வர இன்னும் கொஞ்ச காலம் ஆகும். கல்லாற்றுக்குக் கார் வருகிற அன்றைக்கு நீ பேசவே பேசாதே. உன் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அவள் பெட்டிக்குப் பக்கத்தில் வை. "அம்மாவைத் தனியா அனுப்ப முடியாது, நானும் துணைக்குப் போறேன்" என்று சொல். அவ்வளவுதான். தாலியில் மஞ்சள் ஈரம் காயாத மருமகளும் மாமியாரும் ஒரே காரில் வீட்டைவிட்டுப் போவதைக் கரமனை அக்ரகாரம் இரண்டு பக்கமும் ஜன்னல் திறந்து பார்க்கும். அதைத் தாங்குகிற நெஞ்சு எந்தச் சம்பந்திக்கும் கிடையாது. உன் மாமனாருக்கு வழக்கத்தைவிடத் தெருதான் பெரிது. எனக்கும் அப்படித்தான், அதனால்தான் தெரிகிறது.

இன்னொன்று. அவள் உன்னிடம் கதையின் முடிவை ஒரு நாள் கேட்பாள். அப்பா சொன்னதுதான் என்று என்னைக் காப்பாற்றாதே. நிஜத்தைச் சொல்லு. ஒரு பெண் தன் பேரைக் கேட்டுத் திரும்ப வாங்குவதற்கு எத்தனை தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று, அவளுக்குத் தெரிந்திருந்தது. நிஜ முடிவையும் அவள் தாங்குவாள். என்மேல் கோபம் வந்தால், வரட்டும். வந்து திட்டட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

ஒருவேளை என் கணக்கு தப்பி, தெருவே பார்த்தாலும் பரவாயில்லை என்று அவர் காரை அனுப்பிவிட்டால், கல்லாற்றுக்குப் போக வேண்டாம். டிரைவரை வலியசாலைக்குத் திருப்பச் சொல். என்ன ஆச்சு என்று இங்கே ஒருத்தரும் கேட்க மாட்டோம். உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப்போகிறேன். அவள் என்னை ஒரு வாரம் பட்டினி போடுவாள், சரி. அந்த அம்மாள் என் கடையில் உட்கார்ந்து என்னை அண்ணா என்று கூப்பிட்டாள். தங்கையைப் பேர் சொல்லிக் கூப்பிட அண்ணாவுக்குப் பாத்தியதை உண்டு. நான் வாசலில் இறங்கி வந்து, எனக்கு உள்ள குரல் முழுவதையும் சேர்த்து, "வா, உலகம்மை" என்று கூப்பிடுவேன். அவள் திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆகலாம். நீ கையைப் பிடித்து அவசரப்படுத்தாதே.